ஓடை இரையாத பகல்

மலை சரியுமா சரியாதா என்று தெரிந்துகொள்ளத்தான் சங்கரபாண்டியன் அந்த மலைக்கு வந்தார்.

அவர் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்தவர். சாலையில் சரிந்து கிடக்கும் மண்ணை அள்ளிப் போட்டே பாதி வயது போய்விட்டது. சரிவதற்கு முன்னால் மலை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. நாற்பது தாண்டிய பிறகு வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

ஆர்வம் என்று வெளியே சொல்லிக்கொண்டார். உள்ளே அது பயம்.

அவருக்கு வாய்த்த ஆசிரியை நூர்நிஷா. மண்ணியல் பேராசிரியை. மாணவரைவிட ஐந்தாறு வயது சின்னவர். மாணவர் ஆசிரியையை ‘மேடம்’ என்பார். ஆசிரியை மாணவரை ‘பாண்டியன் சார்’ என்பார்.

அவர்கள் தங்கியிருந்தது பல்கலைக்கழகத்தின் மலை ஆய்வு மையத்தில். மேட்டின்மேல், தகரக்கூரை போட்ட ஒரு பழைய பங்களா. மலையில் வேலை இருக்கிற எந்தத் துறைக்காரரும் அங்கே வந்து தங்கலாம். தயாநிதி என்று ஒருவர் நத்தை ஓடு இடப்பக்கம் சுருள்கிறதா வலப்பக்கம் சுருள்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் காலத்துக் கழுதைப் பாதைகளைத் தேடி ஒருவர் புதருக்குள் அலைந்தார். சந்தையில் ஒரே காய்க்கு எத்தனை பெயர் வழங்குகிறது என்று கேட்டுக்கொண்டு ஒரு பெண் வாரம் தவறாமல் கீழே இறங்கினாள். ஜெயசீலி, கீழே ஓடைக்கரையில் இருந்த தேயிலைத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தாலாட்டுப் பதிவு செய்தாள். சமவெளியிலிருந்து மலைக்குப் பிழைக்க வந்தவர்களோடு தாலாட்டும் வந்தபோது அதில் எந்தச் சொல் உதிர்ந்தது, எந்தச் சொல் ஒட்டிக்கொண்டது என்பது அவள் ஆராய்ச்சி.

சங்கரபாண்டியன் சரிவில் கருவிகளை நட்டு வைத்திருந்தார். மண்ணுக்குள் நீர் எவ்வளவு அழுத்துகிறது என்று அவை காட்டும். காலையில் பார்ப்பார். மாலையில் பார்ப்பார். மழை பெய்தால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆசிரியை அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். மதியம் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று யாராவது ஒருவரைக் கேட்க வேண்டும். சாயங்காலம் அதை வந்து ஆசிரியையிடம் சொல்ல வேண்டும்.

மாணவருக்கு அது பிடிக்கவில்லை.

“எதுக்கு மேடம் இது? நத்தைக்கும் மண்சரிவுக்கும் என்ன சம்பந்தம்?”

“இன்னைக்கு தயாநிதி என்ன பார்த்தாராம்?”

“இடப்பக்கம் சுருண்ட நத்தை ஒண்ணு கிடைச்சுதாம், அபூர்வமாம். குழந்தை பிறந்த மாதிரி சிரிக்கிறார்.”

“எங்க கிடைச்சுதாம்?”

“கேட்கலை.”

“நாளைக்குக் கேளுங்க.”

அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தகரக்கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. துவைத்த துணி காயவில்லை. சுவரில் பச்சையாகப் பாசி ஏறியது. சங்கரபாண்டியன் தூக்கத்தை விட்டார். கருவிகள் மட்டும் அமைதியாக இருந்தன.

“கருவி சரியாத்தானே காட்டுது? அப்புறம் எதுக்கு சார் இப்படி நடுங்குறீங்க?” என்று தயாநிதி கேட்டார்.

“கருவி இருக்கிற இடத்துல சரியா இருக்கு. இல்லாத இடம்?”

தயாநிதி சோற்றைப் பிசைந்தார்.

அன்றைக்கு ஜெயசீலி தாமதமாகச் சாப்பிட வந்தாள். குடையை உதறி மூலையில் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் சந்தோஷம். ஆசிரியை மேசையின் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கரபாண்டியன் ஆசிரியையைப் பார்த்தார். வேண்டா வெறுப்பாகத் தன் கடமையைச் செய்தார்.

“என்ன பதிவு பண்ணீங்க இன்னைக்கு?”

“செல்லக்கனி அக்கா பாட்டு சார். அவங்க பொண்ணு சுடருக்குப் பாடுறது. ரெண்டு வருஷமா அந்த வீட்டுல ஒரு பதிவுகூட எனக்குச் சுத்தமா வந்ததில்ல. பின்னாடி ஓடை இரைஞ்சுக்கிட்டே இருக்கும். அதை எடுக்கவே முடியாது. இன்னைக்கு அவ்ளோ அழகா வந்திருக்கு. ஓடை இரைச்சலே இல்ல.”

சங்கரபாண்டியன் கையிலிருந்த உருண்டை தட்டில் விழுந்தது.

“மழை பெய்யலையா அங்க?”

“கொட்டுதே சார். கூரையில மழைச் சத்தம் கேட்குது. ஓடைச் சத்தம்தான் இல்ல.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னா இல்ல சார். அடங்கிப் போச்சு.”

அவர் எழுந்தார். இவ்வளவு மழையில் ஓடை அடங்காது. அடங்கியிருக்கிறது என்றால் மேலே எங்கோ மலை சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கிறது. கருவி நடாத ஏதோ ஒரு மடிப்பில். அடைத்து நிற்பது வெறும் மண். எவ்வளவு நேரம் நிற்கும்?

அவர் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார். ஆசிரியை சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

“மேடம்.”

“கேட்டுது சார்.”

“நான் தப்பா நினைக்கிறேனோ என்னவோ. கருவி எல்லாம் சரியா இருக்கு. வேற காரணம்கூட இருக்கலாம். நாம போய்ச் சொல்லி, எல்லாரும் மழையில ஓடி, ஒண்ணும் வரலைன்னா?”

“சிரிப்பாங்க.”

“வந்தா?”

ஆசிரியை கை கழுவவில்லை. எழுந்து மழைக்கோட்டை எடுத்தார்.

“கீழ ஓடைப் பாலத்துக்கு நான் போறேன். பஸ் வர்ற நேரம். நீங்க லைன் வீட்டுக்குப் போங்க. ஜெயசீலி, நீயும் கூடப் போ.”

“நானா மேடம்? எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதே.”

“தெரியாது. போ.”

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. இருவரும் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை வழுக்கியது. சங்கரபாண்டியன் இரண்டு முறை விழுந்தார். ஒவ்வொரு முறையும் தரையில் கை ஊன்றியபோது மண் அதிர்கிறதா என்று உள்ளங்கை தானாகவே தேடியது. அதிர்வது மண்ணா தன் கையா என்று அவருக்குத் தெரியவில்லை.

லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் வந்ததும் ஜெயசீலி நின்றாள்.

“சார், என்ன இது?”

ஓடையில் திருவிழா மாதிரி கூட்டம். பாறைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. நடுவில் சேறாக ஒரு கோடு மட்டும் வழிந்துகொண்டிருந்தது. குழிகளில் தேங்கிய தண்ணீரில் மீன்கள் துள்ளின. மழைக்காக அன்று வேலைக்கு விடுமுறை. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிகளில் இறங்கியிருந்தார்கள். பிள்ளைகள் பிளாஸ்டிக் வாளியும் கூடையும் கொண்டு பாறைக்குப் பாறை தாவினார்கள். கொட்டுகிற மழையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பைப்போல் பயங்கரமான ஒன்றைச் சங்கரபாண்டியன் கேட்டதில்லை.

“மேல ஏறுங்க!” என்று கத்தினார். “எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க! வெள்ளம் வருது!”

ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். கையில் மீன்.

“எங்க சார் வெள்ளம்? இருந்த தண்ணியே வத்திப் போச்சு!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், “அந்த மெஷின் சார்தான். தினமும் குச்சி நட்டு வச்சு எட்டிப் பார்ப்பாரே, அவருதான்” என்றான்.

அவர் மறுபடி கத்தினார். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. மண் அடைத்திருக்கிறது, நீர் அழுத்தம், உடையும் என்று என்னென்னவோ சொன்னார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. யார் காதிலும் அது ஏறவில்லை. பிள்ளைகள் இன்னொரு குழிக்கு ஓடினார்கள்.

ஜெயசீலி அவர் கையைப் பிடித்தாள்.

“எவ்ளோ நேரம் இருக்கு சார்?”

“தெரியாது.”

“நிச்சயமா வருமா?”

“தெரியாதும்மா. எனக்குப் பயமா இருக்கு. அவ்ளோதான் தெரியும்.”

அவள் அவர் கண்களைப் பார்த்தாள். பிறகு ஓடைப் பக்கம் திரும்பினாள். எப்போதும் தணிந்து பேசுகிறவள். அன்றைக்கு அவள் தொண்டையிலிருந்து வந்த குரல் அவளுக்கே புதிது.

“செல்லக்கனி அக்கா! சுடர் எங்க?”

மீன் வைத்திருந்த பெண் சட்டென்று திரும்பினாள்.

“இங்கதானே இருந்தா டீச்சர்...”

“முத்துப்பேச்சி! ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டும் எங்க? கையில பிடி! அன்னபாக்கியம், தொட்டில்ல கிடக்கிறவனை யாரு பார்த்துக்கிறா? தூக்கு அவனை! மேட்டுக்குத் தூக்கிட்டு ஓடு!”

சிரிப்பு நின்றது. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைத் தேடினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை கிடைத்ததும் இடுப்பில் தூக்கிக்கொண்டாள். வாளிகள் கவிழ்ந்தன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தங்கள் பிள்ளைகளைப் பெயர் பெயராகத் தெரிந்தவள் இப்படி அலறுகிறாள், அது போதுமாக இருந்தது. பெண்கள் ஓடியதும் ஆண்கள் ஓடினார்கள்.

வீடுகளுக்குள் இருந்தவர்களையும் கிளப்ப வேண்டியிருந்தது. ஜெயசீலி முன்னால் ஓடினாள். எந்த வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறது, எந்த வீட்டில் பிள்ளைத்தாச்சி படுத்திருக்கிறாள், எந்த வீட்டில் காது கேட்காத ஆச்சி கட்டிலோடு கிடக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சங்கரபாண்டியன் ஆச்சியைத் தூக்கி ஒரு இளைஞன் முதுகில் ஏற்றினார். பிள்ளைத்தாச்சியை இருவர் தாங்கிக்கொண்டு போனார்கள்.

கீழ் வரிசையின் கோடியில் ஒரு வீடு. கதவு சாத்தியிருந்தது. வாசலில் செருப்பு இல்லை. கொடியில் துணி இல்லை.

“இது யார் வீடு?”

“தெரியல சார். நான் போனதில்ல. தொட்டில் இல்லாத வீடு.”

அவர் கதவில் ஓங்கி அடித்தார். ஒரு அடி.

பதில் இல்லை.

மறுபடி கையை ஓங்கியபோது அந்த வாசம் வந்தது. புதிதாகத் தோண்டிய குழியின் வாசம். அறுந்த வேரின் வாசம். அதற்குப் பின்னால் சத்தம். தண்ணீரின் சத்தம் அல்ல. கல்லும் கல்லும் மோதுகிற சத்தம், மலைக்கு உள்ளேயிருந்து வருவதுபோல்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஜெயசீலி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஓடினார்.

மேட்டில் தேயிலை நிறுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. எல்லோரும் அங்கே நின்று பார்த்தார்கள். சிவப்பும் கறுப்பும் கலந்த ஒன்று வளைவைச் சுற்றி வந்தது. அதற்கு முன்னால் மரங்கள் நின்ற நிலையிலேயே நகர்ந்து வந்தன. ஒரு பாறை பந்துபோல் எகிறியது. பெண்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். கீழ் வரிசை வீடுகள் இருந்த இடத்தை அது கடந்துபோனபோது ஒருவரும் கத்தவில்லை.

கீழே பாலத்தின் நடுப்பகுதியை அது கொண்டுபோயிற்று. பேருந்து பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தது. அதற்கு முன்னால், சாலையின் குறுக்கே, கையை விரித்தபடி நூர்நிஷா நின்றிருந்தார்.

கொட்டகையில் எஸ்டேட் சூப்பர்வைசர் தலைகளை எண்ணினார். வீட்டுக்கு வீடு கேட்டார். கேட்ட வீடுகளில் எல்லோரும் இருந்தார்கள். சிலர் அழுதார்கள். சிலர் ஜெயசீலியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். செல்லக்கனி சங்கரபாண்டியனின் காலில் விழப்போனாள். அவர் விலகிக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“மாசானமுத்து அண்ணாச்சி எங்க?”

எல்லோரும் திரும்பிக் கூட்டத்தில் தேடினார்கள்.

மாசானமுத்து எஸ்டேட்டின் தேயிலை ஆலையில் ராக்காவல்காரர். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டுப் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். தனிக்கட்டை. பொங்கலுக்குப் பிறகுதான் அங்கே வந்தவர். எல்லோரும் தூங்கும்போது அவர் வேலைக்குப் போனார். எல்லோரும் வேலைக்குப் போகும்போது அவர் தூங்கினார். அவருக்கு ஊர் எது, பிள்ளைகுட்டி உண்டா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கோடி வீடு.

மறுநாள் அவரைப் பாலத்துக்குக் கீழே கண்டெடுத்தார்கள். எஸ்டேட்காரர்கள் சேர்ந்து அடக்கம் செய்தார்கள். சங்கரபாண்டியன் ஒரு பிடி மண் போட்டார். அந்த மண்ணை எடுக்கும்போதுகூட அவர் விரல்கள் அதன் ஈரத்தைப் பார்த்தன. அதை உணர்ந்ததும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மழை விட்டது. பயம் விடவில்லை. மையத்தில் யாரும் வேலைக்கு வெளியே போகவில்லை. தயாநிதியின் நத்தைகள் பெட்டிக்குள் கிடந்தன. ஜெயசீலி தன் பதிவுக் கருவியைத் தொடவில்லை. எல்லோரும் அடிக்கடி சன்னலுக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஏதாவது பாத்திரம் விழுந்தால் திடுக்கிட்டு எழுந்தார்கள்.

ஒரு மதியம் எல்லோரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கரபாண்டியன் தட்டைத் தள்ளிவிட்டு ஆசிரியையைப் பார்த்தார்.

“மேடம், இதையெல்லாம் நிறுத்திடணும்.”

“எதை?”

“இங்க நடக்கிற மற்ற எல்லாத்தையும். நத்தை, கழுதைப் பாதை, காய் பேரு, பாட்டு. தப்பா நினைக்காதீங்க, யாரையும் குறைச்சுச் சொல்லலை. தலைக்கு மேல மலை நிக்குது. எல்லாரும் அதைத்தான் பார்க்கணும். நான் சொல்லித்தர்றேன்.”

கோபம் வரும் என்று அவர் நினைத்தார். வரவில்லை. தயாநிதி மெல்லத் தலையசைத்தார்.

“சரிதான் மேடம். நானும் கருவி பார்க்கக் கத்துக்கிறேன். இனிமே நத்தையைத் திருப்பிப் பார்க்க எனக்கு மனசு வராது.”

காய்ப் பெயர் தேடுகிற பெண்ணும், “நானும்” என்றாள். ஜெயசீலி தலை குனிந்திருந்தாள்.

ஆசிரியை மாணவரைப் பார்த்தார்.

“எல்லாரும் மலையைப் பார்த்துக்கிட்டு இருந்திருந்தா அன்னைக்கு என்ன ஆகியிருக்கும் சார்?”

“மலையோட பின்மடிப்புலயும் கருவி இருந்திருக்கும். முன்னாடியே தெரிஞ்சிருக்கும் மேடம். சாப்பிடும்போது தற்செயலாத் தெரிய வேண்டியிருக்காது.”

“தெரிஞ்சதும்?”

“ஓடியிருப்பேன்.”

“ஓடிப் போய்?”

“கத்தியிருப்பேன். எல்லாரையும் மேல ஏறச் சொல்லி...”

அவர் நிறுத்திக்கொண்டார். மழையும், வாளிகளும், அந்தச் சிரிப்பும் அவர் நினைவுக்கு வந்தன. ஜெயசீலியைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். எல்லோரும் மலையைப் பார்த்திருந்தால் அந்த ஜெயசீலியும் ஏதோ ஒரு சரிவில் கருவியோடு நின்றிருப்பாள். எந்த வீட்டுப் பிள்ளையின் பெயரும் அவளுக்குத் தெரிந்திருக்காது.



அவர் மறுபடி ஆசிரியையைப் பார்த்தார்.

“அப்போ மாசானமுத்து? அவர் வீட்டுக்கு ஜெயசீலியும் போனதில்லையே மேடம். தயாநிதியும் போனதில்லை. நான் அந்தச் சரிவுல ஏறி இறங்கினேன், ஒரு நாள் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்ததில்லை. இத்தனை பேர், இத்தனை ஆராய்ச்சி. ஒண்ணுகூடவா அந்த வீட்டுக்குப் போகலை?”

ஆசிரியை அவர் தள்ளிவைத்த தட்டை எடுத்து மறுபடி அவர் முன்னால் வைத்தார்.

“இல்ல சார். அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற கேள்வி நம்ம யாருக்கும் இன்னும் வரலை.”